சாக்லேட் கொடுத்தால் பஸ்ஸில் பிள்ளைகள் ஒழுங்காக இருப்பார்களா?

கேள்வி கேட்டவர் திருப்பூர் பக்கம் ஒரு தனியார் பள்ளிப் பேருந்தில் இந்த ஜூனில்தான் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறார். எல்.கே.ஜி. முதல் பத்தாம் வகுப்பு வரை நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், ஒரு நடைக்கு ஒன்றேகால் மணி நேரம். சின்னதுகள் சீட்டின் மேல் ஏறி நிற்கின்றன, ஜன்னல் ஓரத்துக்குத் தினமும் அடிதடி, கடைசி வரிசையில் எட்டாம் வகுப்புப் பையன்கள் யார் சொன்னாலும் கேட்பதில்லை, டிரைவர் பாதி வழியில் திரும்பித் திரும்பிக் கத்துகிறார். பள்ளி அலுவலகத்தில் சொன்னதற்கு, "ஒழுங்காக இருக்கிற பிள்ளைக்குச் சாக்லேட் கொடுங்கள், டப்பா வாங்கித் தருகிறோம்" என்று முடித்துவிட்டார்களாம். சாக்லேட் வேலை செய்யுமா, வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். ஆனால் கேள்வியை இரண்டு தரம் படித்தால், அவர் உண்மையில் கேட்பது வேறு என்று தோன்றுகிறது. அடிக்கவும் முடியாது, மார்க்கைக் குறைக்கவும் முடியாது, டீச்சர் என்ற பெயரும் கிடையாது. அப்படி இருக்கும்போது என் பேச்சை இந்த நாற்பது பேரும் எதற்காகக் கேட்க வேண்டும்? இதுதான் கேள்வி. நியாயமான கேள்வி.

நான் ஆசிரியர். கொங்குப் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றில் வகுப்போடு சேர்த்துப் பேருந்துப் பொறுப்பையும் பல வருடம் பார்த்தவன். கிராமம் கிராமமாகச் சுற்றி வருகிற பெரிய பஸ்கள்தான் எனக்குப் பழக்கம். பெற்றோர்களே சேர்ந்து அமர்த்துகிற மாருதி வேன், ஷேர் ஆட்டோ எல்லாம் தனி உலகம், அதற்கு நான் சொல்வது முழுதாகப் பொருந்தாது. இன்னொன்று, நீங்கள் "வெறும் ஆயா வேலைதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைக்க வேண்டாம். பள்ளிப் பேருந்தில் உதவியாளர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே சொல்லிவிட்டது. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் முடிச்சூரில், பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று விழுந்து இறந்தது பலருக்கு நினைவிருக்கும். சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தானாகவே கையில் எடுத்தது, அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. அதிலும் உதவியாளர் கட்டாயம். ஆக நீங்கள் ஏறாமல் அந்த வண்டி கிளம்பக் கூடாது. டிரைவருக்கு இருக்கிற அதே முக்கியத்துவம் உங்களுக்கும் உண்டு. டிரைவருக்கும் இது தெரிந்திருந்தால் நல்லது.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் 'ஒழுங்கு' என்றால் எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடங்களில் ஒழுங்கு என்றால் அமைதி என்று ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பஸ்ஸில் அது தப்பான கணக்கு. எட்டு மணி நேரம் வாயைப் பொத்தி உட்கார்ந்துவிட்டு வருகிற பிள்ளை சாயங்காலம் பஸ்ஸில் கத்தத்தான் செய்யும். கத்தினால் காதுதான் வலிக்கும். ஆனால் எழுந்து நின்றால்? நாற்பது கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்குப் பதினொரு மீட்டர். டிரைவர் ஒரு நாய்க்காகச் சட்டென்று பிரேக் போட்டால் வண்டி நிற்கும், நடைபாதையில் நின்றுகொண்டிருக்கிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நிற்காது, அதே வேகத்தில் முன்னால் போய் கம்பியில் மோதும். அதனால் விட்டுக்கொடுக்கவே கூடாத விஷயங்களை மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: வண்டி ஓடும்போது உட்கார்ந்திருக்க வேண்டும், கையும் தலையும் ஜன்னலுக்கு உள்ளே இருக்க வேண்டும், வண்டி முழுதாக நின்று நீங்கள் சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும். இந்த மூன்றாவதை மற்ற இரண்டையும்விடப் பெரிதாக நினையுங்கள். இறங்கின பிள்ளை பஸ்ஸுக்கு முன்னால் ஓடி ரோட்டைக் கடப்பதுதான் எனக்கு எப்போதும் பெரிய பயம், ஏனென்றால் பானட்டுக்குக் கீழே நிற்கிற குட்டிப் பிள்ளை டிரைவர் கண்ணில் படவே படாது. 2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில் பள்ளி வளாகத்துக்கு உள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்தான். அதற்குப் பிறகு வண்டியின் முன்னும் பின்னும் கேமரா, பின்பக்கம் சென்சார் என்றெல்லாம் விதி வந்தது. கேமரா இருந்தாலும் கையைப் பிடித்துக் கடத்திவிட ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்கள்தான்.

மற்றபடி பாட்டு, சிரிப்பு, அந்தாக்ஷரி, பஸ்ஸையே அதிர வைக்கிற பேச்சு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் "ஏய்" என்கிறவரின் "ஏய்"க்கு மதிப்பில்லை. மூன்றே விஷயத்துக்கு வாய் திறக்கிறவர் பேசினால் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். அமைதியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பஸ்ஸிலேயே ரொம்பச் சமர்த்தான பிள்ளை எது தெரியுமா, தூங்கிப்போன பிள்ளை. அதுதான் அதிக ஆபத்தில் இருக்கிற பிள்ளையும். 2022 செப்டம்பரில் கத்தாரில் நான்கு வயது மலையாளிக் குழந்தை ஒன்று பள்ளிப் பேருந்தில் தூங்கிவிட்டது, யாரும் கவனிக்காமல் வண்டியைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள், வெயிலில் குழந்தை இறந்தே போனது. ஒவ்வொரு நடை முடிந்ததும் கடைசி சீட்டு வரை நடந்து போய், குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்த்துவிட்டு இறங்குங்கள். டிரைவர் அவசரப்படுத்தினாலும் சரி.

அடுத்தது, பிள்ளைகளைத் திருத்துவதற்கு முன்னால் பஸ்ஸைத் திருத்துங்கள். என் அனுபவத்தில் பஸ் தகராறில் பெரும்பகுதி பிள்ளைகளின் குணத்தால் வருவதில்லை, பெரியவர்கள் ஏற்பாடு செய்யாமல் விட்டதால் வருகிறது. ஜன்னல் ஓரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'முதலில் ஏறினவனுக்கு' என்று விட்டால் தினமும் புதுச் சண்டை, கூடவே சீட்டு பிடித்து வைக்கிற வியாபாரம் வேறு. யார் எந்த சீட்டு என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டு பேர் சீட்டில் காலையில் ஒருவனுக்கு ஜன்னல், சாயங்காலம் மற்றவனுக்கு. எழுதி ஒட்டினதைப் பிள்ளைகள் ஆச்சரியப்படும் அளவுக்கு மதிக்கும், அதுவே வாயால் சொன்னால் "நேத்து அவன்தான் உக்காந்தான்" என்று வழக்கு நடக்கும். முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும், மாற்றாதீர்கள். எந்த இரண்டு பேர் சேர்ந்தால் வெடிக்கும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், அவர்களுக்கு நடுவில் நாலு வரிசை தூரம் வையுங்கள், காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அண்ணன் தங்கை ஒரே பஸ்ஸில் வந்தால் பக்கத்தில் உட்கார வைப்பதா பிரித்து வைப்பதா என்று அவர்கள் அம்மாவைக் கேளுங்கள், வீட்டு நிலவரம் அவருக்குத்தான் தெரியும்.

பைகள். இதை யாரும் ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை, ஆனால் பாதிச் சண்டைக்கு அதுதான் விதை. நடைபாதையில் பை கிடந்தால் ஒருவன் மிதிப்பான், டிபன் பாக்ஸ் நசுங்கும், மிதித்தவனை மற்றவன் தள்ளுவான், தள்ளினவன் பெயர் ரவுடி. சீட்டுக்கு அடியில் பை வைக்க இடம் இருக்க வேண்டும் என்பதும் 1997 வழிகாட்டலிலேயே உண்டு. ஏறினதும் பை கீழே, தண்ணீர் பாட்டில் பைக்குள்ளே, அப்புறம்தான் பேச்சு. இதை மட்டும் பழக்கிவிட்டால் முதல் ஐந்து நிமிடத்துக் களேபரம் தானாகக் குறையும். முதல் ஐந்து நிமிடம் எப்படிப் போகிறதோ அப்படித்தான் அன்றைய நடை முழுதும் போகும், இதைப் பஸ்ஸில் போன யாரும் சொல்வார்கள்.

நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள் என்று எழுதவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில், வாசற்படிக்கு நேரே இருக்கிற சீட்டு என்றால் உடனே மாறுங்கள். ஏற்றி இறக்கும்போது மட்டும் அங்கே இருந்தால் போதும், ஸ்டாப்புக்கு ஸ்டாப் தூரம் இருக்கிற இடங்களில் பின்பாதிக்குப் போய்விடுங்கள். கடைசி வரிசைப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்கள் கண்காணிப்பு இல்லாத இடத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். முன்னாலிருந்து அவர்களைப் பார்த்துக் கத்துவதைப் போல அவர்களுக்குப் பிடித்த விளையாட்டு வேறில்லை, நாற்பது பேரும் திரும்பிப் பார்க்கிறார்களே. பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெல்லிய குரலில், பெயர் சொல்லிப் பேசுங்கள். பெயர் முக்கியம். நாற்பது பெயரையும் வீட்டுப்பெயரோடு மனப்பாடம் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சொல்லும்போது செய்யக் கூடாததைச் சொல்லாமல் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். "ஓடாதே" என்றால் நிற்பதா, நடப்பதா, குதிப்பதா என்று ஐந்து வயதுக்குப் புரியாது. "உட்கார், கம்பியைப் பிடி" என்றால் புரியும்.

சாயங்காலம் காலையைவிட மோசம் என்று நீங்கள் சொன்னது எங்கும் உள்ளதுதான். பசி. மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை ஐந்தரை வரை வெறும் வயிற்றோடு இருந்தால் எந்தக் குழந்தை நிபுணர் வந்தாலும் அடங்காது. பஸ்ஸில் சாப்பிடக் கூடாது என்று பல பள்ளிகளில் தடை, சுத்தம் செய்ய ஆள் இல்லை என்பதால். வண்டி கிளம்புவதற்கு முன் வரிசையில் நிற்கும்போதே ஒரு வாழைப்பழமோ நாலு பிஸ்கட்டோ சாப்பிட ஐந்து நிமிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அதே நேரத்தில் சின்னதுகளை டாய்லெட்டுக்கும் அனுப்பிவிடலாம். ஒன்றேகால் மணி நேரம் அடக்கிக்கொண்டு நெளிகிற பிள்ளையை 'அடங்காத பிள்ளை' என்று எழுதி வைத்த டைரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது சாக்லேட். உங்கள் பள்ளி சொன்னதில் பாதி சரி. நல்ல நடத்தையைக் கவனித்து அதற்கு ஏதாவது கிடைக்கும்படி செய்தால் அந்த நடத்தை கூடும் என்பதில் சந்தேகமில்லை, ஐம்பது அறுபது வருடமாகச் சோதித்துப் பார்த்த விஷயம். என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். 1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் நர்சரிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகள். ஒரு குழுவுக்கு "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே ஆசை காட்டினார்கள், இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள், மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், ஆசை காட்டப்பட்ட பிள்ளைகள்தான் வரைவதைக் குறைத்திருந்தார்கள். எதிர்பாராமல் வாங்கினவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. இதை வைத்துக்கொண்டு "பரிசே கூடாது" என்று பேசுகிறவர்கள் உண்டு. அது அதிகப்படி. அந்தப் பிள்ளைகளுக்கு வரைவது பிடித்த வேலை. பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருப்பது எந்தப் பிள்ளைக்கும் பிடித்த வேலை இல்லை, ஆர்வம் என்று ஒன்று இருந்தால்தானே அது குறைவதற்கு. அதனால் அந்த முடிவை அப்படியே பஸ்ஸுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் 'முன்கூட்டியே பேரம் பேசாதே' என்கிற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

ஏனென்றால் பஸ்ஸில் சாக்லேட் என்ன ஆகும் என்று பார்த்தவன் நான். முதல் வாரம் அற்புதம். இரண்டாவது வாரம் "எனக்கு ஏன் இல்லை" என்று அழுகை. மூன்றாவது வாரம் "நான் உட்கார்ந்தேன், சாக்லேட் எங்கே" என்று கணக்குக் கேட்பார்கள். நடுவில் ஒரு அம்மா பல் சொத்தை என்று போன் செய்வார், இன்னொருவர் யாரிடமும் எதுவும் வாங்கித் தின்னாதே என்று வீட்டில் சொல்லி வளர்க்கிறோம், பஸ்ஸிலேயே கொடுத்தால் எப்படி என்பார். இந்த இரண்டாவது அம்மா சொல்வதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். பெரியவர் ஒருவர் தின்பண்டம் கொடுத்துத் தன் சொல்லைக் கேட்க வைப்பது பிள்ளைக்குப் பழக வேண்டிய பாடம் இல்லை. டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டிக்கர், பென்சில், வெள்ளிக்கிழமை 'இந்த வார சீட்டு ராஜா' என்று பெயர் எழுதுவது இதெல்லாம் மூன்றாம் வகுப்பு வரை ஓடும், அதிலும் எப்போதாவது, சொல்லாமல் கொடுத்தால்தான் ஓடும். ஆறாம் வகுப்புக்கு மேலே ஸ்டிக்கர் கொடுத்தால் அதை உங்கள் முதுகிலேயே ஒட்டுவார்கள்.

எல்லா வயதுக்கும் வேலை செய்கிற பரிசு ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது, செலவும் இல்லை. ஸ்டாப்பில் நிற்கிற அம்மாவிடம், பாட்டியிடம் சொல்லுகிற ஒரு நல்ல வார்த்தை. யோசித்துப் பாருங்கள், பஸ் உதவியாளர் இறங்கிப் பெற்றோரிடம் பேசினாலே அது புகார்தான் என்று ஆகிவிட்டது. "உங்க பையன் அடிச்சுட்டான்", "உங்க பொண்ணு உக்காரவே இல்ல." அதனால் நீங்கள் வாயைத் திறந்ததும் அந்தப் பாட்டி முகம் சுருங்கும், பிள்ளை கால் பின்வாங்கும். அந்த நேரத்தில், "இன்னைக்கு எல்.கே.ஜி. பாப்பா அழுதுச்சு, இவன்தான் ஜன்னல் சீட்டைக் குடுத்து சமாதானம் பண்ணினான்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொள்ளுங்கள். பத்து வினாடி ஆகாது. அன்று ராத்திரி அந்த வீட்டில் அதுதான் பேச்சு. மறுநாள் காலை அந்தப் பையன் பஸ் ஏறும் விதமே வேறு. ஆனால் இதில் இரண்டு நிபந்தனை. ஒன்று, நடந்ததைச் சொல்ல வேண்டும். "ரொம்ப நல்ல பையன்" என்று பொதுவாகச் சொன்னால் பாட்டிக்கும் புரியாது, அவனுக்கும் எதற்குப் பாராட்டு என்று தெரியாது. இரண்டு, பொய் சொல்லக் கூடாது, பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடும். தினமும் இரண்டு ஸ்டாப்பில் இரண்டு பேரைப் பற்றி என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் எல்லோருக்கும் ஒரு சுற்று வந்துவிடும். ரொம்பத் தொல்லை கொடுக்கிற பிள்ளையை அந்தச் சுற்றில் முதலில் வையுங்கள், கடைசியில் வைக்காதீர்கள். அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேட வேண்டியிருக்கும். தேடுங்கள், கிடைக்கும். தேடுகிறபோது நீங்கள் அவனைப் பார்க்கிற பார்வையும் மாறிவிடும், அந்த லாபம் தனி.

எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு மட்டும் இதைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். அவர்களை எல்லோர் எதிரிலும் பாராட்டினால் நண்பர்கள் கேலி செய்வார்கள், அதைத் தவிர்க்கவே மறுபடி சேட்டை செய்வார்கள். அவர்களுக்குத் தேவை வேலை. இறங்குகிற ஸ்டாப்பில் பைகளை எடுத்துக் கொடுப்பது, மழை வந்தால் ஜன்னல் கண்ணாடிகளை இழுத்து மூடுவது, வருகைப் பதிவில் டிக் அடிப்பது, கடைசி சீட்டு வரை பார்த்து "யாரும் இல்லை" என்று சொல்வது (நீங்களும் ஒரு தரம் பார்க்க வேண்டும், அது வேறு). பெரிய பையனைச் சின்னப் பிள்ளைக்குப் பொறுப்பாளராகப் போடுவதைப் பல பள்ளிகளில் செய்கிறார்கள். கண் முன்னால், நடைபாதையில் செய்கிற உதவி என்றால் சரி. ஆனால் பெரியவரையும் சிறியவரையும் ஒரே சீட்டில், அதுவும் பின்வரிசையில் ஜோடி போட்டு உட்கார வைக்காதீர்கள். பிள்ளைகள் குறையக் குறைய மிச்சம் இருப்பவர்களை முன்வரிசைகளுக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டு போடலாமா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். சுவாரசியமான விஷயம், பஸ்ஸிலேயே சோதித்திருக்கிறார்கள். 1972-ல் அமெரிக்காவில், சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகள் போகிற பள்ளிப் பேருந்தில் ராக் அண்ட் ரோல் பாட்டுகளை ஓடவிட்டு, யாராவது சீட்டை விட்டு எழுந்தால் பாட்டை நிறுத்தினார்கள், எழுந்திருப்பது குறைந்தது. 1981-ல் இன்னொரு ஆய்வில் பஸ்ஸுக்குள் சத்தத்தை அளந்து விளக்கு எரிகிற கருவி ஒன்றை வைத்து, சத்தம் குறைவாக இருந்தால் பாட்டு என்று வைத்தார்கள், அதிலும் பலன் இருந்தது. இரண்டுமே சில பஸ்களில் மட்டும் செய்த சின்ன ஆய்வுகள், வேறு நாடு, வேறு காலம். இருந்தாலும் செலவில்லாத முறை என்பதால் முயற்சி செய்யலாம் என்பேன். நாங்கள் செய்தபோது பாட்டை யார் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் தகராறு வந்தது, கடைசியில் ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்று முறை வைத்தோம். கெட்ட வார்த்தை வருகிற குத்துப் பாட்டு கூடாது, டிரைவருக்கு ஹாரன் சத்தம் கேட்காத அளவுக்கு ஒலியும் கூடாது. ஒருவன் எழுந்தால் எல்லோருக்கும் பாட்டு நின்றுவிடும் என்பதால், அந்த ஒருவன் மேல் மற்றவர்கள் பாய்கிறார்களா என்று கவனியுங்கள். பாய்ந்தால் அந்த முறையை அன்றோடு விட்டுவிடுங்கள், இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உறுதியான பதில் இல்லை, பஸ்ஸுக்குப் பஸ் மாறுகிறது.

கவனிக்காமல் விடுகிற கலையும் தெரிய வேண்டும். உங்களைச் சீண்டுவதற்காகவே போடுகிற ஊளை, மிமிக்ரி, "ஆன்ட்டி ஆன்ட்டி" என்று கூப்பிட்டுவிட்டு ஒன்றுமில்லை என்பது இவற்றுக்கெல்லாம் முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாதீர்கள். ஒன்று முன்கூட்டியே சொல்கிறேன், கவனிக்காமல் விட ஆரம்பித்ததும் முதல் சில நாள் அது கூடும். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் செய்தால் திரும்புவார் என்று பார்ப்பார்கள். நான்காம் நாள் பொறுமை போய்க் கத்திவிட்டால், நான்கு நாள் விடாமல் செய்தால் பலன் உண்டு என்று நீங்களே சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும். முடியாது என்று தோன்றினால் ஆரம்பிக்காமலே இருப்பது மேல். அந்த மூன்று விதிகளை மட்டும் ஒருநாளும் கவனிக்காமல் விடக் கூடாது.

தண்டனை பற்றிச் சுருக்கமாக. அடிப்பது, கிள்ளுவது, காதைத் திருகுவது, ஓடுகிற பஸ்ஸில் நிற்க வைப்பது, பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது எதுவும் கூடாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் கொடுப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது. "இங்கேயே இறக்கிவிட்டுடுவேன்" என்று மிரட்டுவதும் வேண்டாம். பெரிய பையன் ஒருவன் "இறக்குங்க பார்ப்போம்" என்றால் அடுத்து என்ன செய்வீர்கள்? பாதி வழியில் பிள்ளையை இறக்கிவிடுவது எந்த நிலையிலும் கூடாது. டிரைவரோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ஓட்டும்போது அவர் திரும்பிப் பார்க்கவே கூடாது, பேசுவது உங்கள் வேலை. நிலைமை கைமீறினால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்வீர்கள், அவர் பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். யாரும் திட்ட வேண்டாம். எல்லோரும் உட்கார்ந்த பிறகு வண்டி கிளம்பும். பருவத்துக்கு இரண்டு மூன்று தரம் என்றால் இதற்குச் சக்தி இருக்கும், தினமும் செய்தால் அதுவும் ஒரு வேடிக்கையாகிவிடும்.

இதுவரை சொன்னது எல்லாம் சாதாரணச் சேட்டைக்கு. ஒரு பிள்ளையையே குறிவைத்துத் தினமும் சீண்டுவது, பணம் பிடுங்குவது, சாதி சொல்லிக் கேலி செய்வது, தொடக் கூடாத இடத்தில் தொடுவது, போனில் படம் எடுப்பது இவற்றைச் சேட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாராட்டாலும் பாட்டாலும் இது சரியாகாது, நீங்கள் தனியாக விசாரித்துச் சமரசம் செய்து வைக்கவும் கூடாது. தேதி, நேரம், பார்த்தது என்ன என்று எழுதி அன்றே பள்ளிக்குக் கொடுங்கள். பாலியல் விஷயம் என்றால், அது யாருக்குத் தெரியவந்தாலும் அவர் புகார் சொல்லியே ஆக வேண்டும் என்பது போக்சோ சட்டம். பள்ளி மூடி மறைத்தாலும் உங்கள் கடமை போய்விடாது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். அதேபோல, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற பிள்ளை, ஒரு நிமிடம்கூட உட்காரவே முடியாத பிள்ளை இருந்தால் அது பிடிவாதம் என்று முடிவு கட்டாதீர்கள். அவர்கள் வீட்டில் என்ன செய்தால் அடங்கும் என்று கேளுங்கள். முன்வரிசை ஜன்னலும் கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொருளும் போதுமானதாக இருக்கலாம், சில பிள்ளைகளுக்கு அது போதாது, அப்போது மருத்துவரோ சிறப்பு ஆசிரியரோ சொல்வதுதான் வழி, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாகப் பள்ளியிடம் என்ன கேட்பது என்று பார்க்கலாம். சாக்லேட் டப்பாவுக்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள்: ஸ்டாப் வாரியாகப் பெயரும் பெற்றோர் எண்ணும் உள்ள பட்டியல், சீட்டு ஒதுக்கீட்டில் தலைமை ஆசிரியர் கையெழுத்து, வழியில் பிரச்சினை என்றால் போனை எடுக்கிற ஒரு ஆள், வருட ஆரம்பத்தில் ஒரு நாள் பிரேயரில் உங்களை முன்னால் நிறுத்தி "பஸ்ஸில் இவர் சொல்வதுதான் முடிவு" என்று ஒரு வார்த்தை. இந்த நான்காவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, ஆனால் எட்டாம் வகுப்புப் பையன்களிடம் மற்ற மூன்றையும்விட இது அதிகம் பேசும். அப்புறம் பஸ்ஸில் எத்தனை சீட்டு, எத்தனை பிள்ளைகள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். இரண்டு பேர் சீட்டில் மூன்று பேரைத் திணித்திருந்தால், நான் மேலே எழுதிய எதுவும் பலிக்காது, உட்கார இடமில்லாத பிள்ளையை உட்காரச் சொல்லி என்ன பயன். அதை வாய்மொழியாகச் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மே மாதமும் பள்ளி திறப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்பார், அன்றைக்கு வண்டி காலியாக இருக்கும், அதனால் நெரிசல் அவர் கண்ணில் படாது. ஒரு மாதத்தில் பள்ளி ஒன்றும் செய்யவில்லை என்றால் அந்த நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு பெற்றோர் போகலாம், நீங்களே போக வேண்டும் என்று இல்லை.